கம்பெனி போனால் கார் போய்விடுமா?

பழைய கார் வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று வாய் திறந்தால் போதும், முதல் அறிவுரை வந்து நிற்கும்: "எதை வேணும்னாலும் வாங்கு. மூடிட்டுப் போன கம்பெனி வண்டியை மட்டும் தொடாதே." ஃபியட், செவர்லே, ஃபோர்டு என்ற பெயர்களைக் கேட்டதும் மாமனார், அலுவலக நண்பர், எதிர்வீட்டு டிரைவர் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள். ஸ்பேர் கிடைக்காது. சர்வீஸுக்கு ஆள் கிடையாது. விற்கப் போனால் பேரீச்சம்பழத்துக்குத்தான் போட வேண்டும்.

இந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. அக்கறையோடு சொல்லப்படுவதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதைக் கேட்டு நடப்பவர்களுக்கு அது செய்யும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. வாரம் இரண்டு தடவை அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக ஒரு கார் தேடும் குடும்பம், கையில் இரண்டு லட்சம் ரொக்கம் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தப் பணத்துக்குள் கிடைக்கக்கூடிய உறுதியான வண்டிகளில் பாதியை இந்த ஒரு வாக்கியம் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. பிறகு அந்தக் குடும்பம் ஷோரூம் படியேறி ஏழாண்டுக் கடனில் கையெழுத்துப் போடுகிறது. அதனால்தான் இதைச் சும்மா விட முடியவில்லை.

2021 செப்டம்பர் 9-ஆம் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. அன்று காலை வரை ஈகோஸ்போர்ட் என்றால் கெட்டியான பாடி, பள்ளத்தில் இறங்கினாலும் அலட்டாத சஸ்பென்ஷன், நம்ம மறைமலை நகரில் செய்த வண்டி என்றெல்லாம் பேசினார்கள். மாலையில் அதே வண்டி வேண்டாத வண்டியாகிவிட்டது. வீட்டு வாசலில் நின்ற காரில் ஒரு நட்டுகூட மாறவில்லை; மாறியது ஊரார் பேச்சு மட்டுமே. அதற்கு நான்காண்டு முன்னால், 2017 மே மாதம், இங்கே விற்பதை நிறுத்துவதாக ஜெனரல் மோட்டார்ஸ் சொன்னபோது செவர்லே வண்டிகளுக்கும் இதுவே நடந்தது. ஃபியட் 2019 வாக்கில் பெரிய சத்தம் எதுவும் இல்லாமல் விலகிக்கொண்டது. லினியாவும் புன்ட்டோவும் அப்படித்தான் அனாதைப் பட்டியலில் சேர்ந்தன.

ஸ்பேர் விஷயத்துக்கு வருவோம். ஒரு காரை யார் செய்கிறார்கள்? சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது. ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் சென்னைப் புறநகர் பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் ஆலையில் உருவாகின்றன. அதே ஊரில் பிரேக்ஸ் இந்தியா பிரேக் செய்கிறது, வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்கிறது. ரானே குழுமம் ஸ்டியரிங் பாகங்களும் பிரேக் லைனிங்கும் செய்கிறது. டீசல் பம்பு, இன்ஜெக்டர் என்றால் பெங்களூரு பாஷ். கிளட்ச், பேரிங், ஃபில்டர், ஷாக் அப்சார்பர், பேட்டரி, டயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பெனி. வண்டியின் மூக்கில் பெயர் ஒட்டிய கம்பெனி மொத்தத்தையும் வடிவமைக்கிறது. தகட்டை அச்சில் அடித்து, வெல்டு வைத்து, பெயிண்ட் அடிக்கிறது. எஞ்சினைச் செய்கிறது, அல்லது வேறொருவரிடம் வாங்கிப் பொருத்துகிறது. அந்தப் பெயர் ஊரை விட்டுப் போனாலும் பாடியும் அம்பத்தூரும் ஸ்ரீபெரும்புதூரும் எங்கும் போவதில்லை. லட்சக்கணக்கான பழைய வண்டிகள் சாலையில் ஓடும்வரை பிரேக் பேடு செய்து விற்பது லாபம் தரும் தொழில். லாபம் இருக்கும் தொழிலை எந்த வியாபாரியும் விடமாட்டார்.

இதைவிட வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது. 1,248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின். ஃபியட்டிலிருந்து வந்தது, ஐரோப்பாவில் 2003-இல் அறிமுகமானது. இந்தியாவில் இதை ஃபியட் மட்டும் பயன்படுத்தவில்லை. மாருதி உரிமம் வாங்கி, 2007-இல் ஸ்விஃப்ட்டில் டிடிஐஎஸ் என்ற பெயரில் வைத்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா என்று போய்க்கொண்டே இருந்தது. டாடா குவாட்ராஜெட் என்று பெயர் வைத்து விஸ்டாவிலும் மான்ஸாவிலும் போட்டது. செவர்லே செயிலிலும் என்ஜாயிலும் இருந்தது இதுவே. பெயர்கள் நாலு, எஞ்சின் ஒன்று. இந்த எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரியாத டீசல் மெக்கானிக் தமிழ்நாட்டில் இருந்தால் அவர் தொழிலுக்குப் புதியவராக இருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரு லினியா டீசல். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடைக்கு அதன் டைமிங் செயின் கிட் கேட்டுப் போனேன். கல்லாவில் இருந்தவர், "எந்த வண்டிக்கு சார்?" என்றார். சொன்னேன். "மல்டிஜெட் தானே, ஸ்விஃப்ட்டோடதேதான் சார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். பையன் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து பிரித்து வைத்தான்: செயின், மேலும் கீழும் மாட்டும் ஸ்பிராக்கெட்டுகள், செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடுகள், டென்ஷனர். நான் எடுத்துப்போன பழைய செயினைப் புதியதன் மேல் வைத்துக் கண்ணி கண்ணியாகப் பார்த்தோம். பழையது அரைக் கண்ணி அளவுக்கு இழுத்துக்கொண்டு நின்றது. மற்றபடி இரண்டும் ஒன்று. எஞ்சினுக்கு வெளியே மாட்டும் பிராக்கெட்டும் பைப்பும் வண்டிக்கு வண்டி மாறும். ஏசி கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கும் இடமும் மாறலாம். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி ஒன்றுதான். ஃபியட் இந்தியாவில் கார் விற்கிறதா இல்லையா என்பது அந்தக் கடையில் யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை.

இப்போது ஒரு கேள்வி. பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. டாடாவும் இந்த எஞ்சினைக் கைவிட்டது. ஆக, இன்று ஸ்விஃப்ட் டீசல் வைத்திருப்பவரின் எஞ்சினும் என் லினியாவின் எஞ்சினும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. இரண்டையும் இங்கே எந்தப் புதுக் காரிலும் காண முடியாது. ஸ்விஃப்ட் டீசல்காரரிடம் போய், "ஐயோ, உங்க எஞ்சினை நிறுத்திட்டாங்களே, ஸ்பேருக்கு என்ன செய்வீங்க?" என்று யாராவது கேட்கிறார்களா? கேட்பதில்லை, அந்த வண்டிக்கு இன்றும் சந்தையில் மரியாதை. லினியாக்காரரை மட்டும் பாவப்பட்டவராகப் பார்க்கிறார்கள். இந்த வேறுபாட்டுக்குத் தொழில்நுட்பத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

கம்பெனி உயிரோடு இருந்தால் எல்லா பாகமும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் ஆராயாமல் பிடித்துக்கொண்டதுதான். மாருதியின் வெர்சாவோ கிசாஷியோ வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கம்பெனி அதே கம்பெனி, நாட்டிலேயே அதிகக் கார் விற்கும் கம்பெனி. ஆனால் சாலையில் அந்த மாடலின் எண்ணிக்கை சொற்பம். வண்டி எத்தனை ஓடுகிறது, அதன் எஞ்சின் வேறு எந்தெந்த வண்டியில் இருக்கிறது என்ற இரண்டும்தான் ஸ்பேரை முடிவு செய்கின்றன.

கம்பெனி இந்தியாவை விட்டுப் போனது ஒரு ரகம் என்றால், கம்பெனியே இல்லாமல் போவது இன்னொரு ரகம். அதற்கும் உதாரணம் உண்டு. ஸ்வீடன் நாட்டின் ட்ரோல்ஹெட்டன் நகரில் இயங்கிவந்த சாப் கார் நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலானது. ஆனால் அதன் உதிரிபாகக் கிளை தனி நிறுவனமாக, லாபத்தோடு நடந்துகொண்டிருந்தது. சாப் வாங்கிய ஐரோப்பிய வங்கிக் கடனுக்கு ஸ்வீடன் அரசு ஜாமீன் நின்றிருந்ததால் அந்தக் கிளை அரசின் கைக்கு வந்தது. 2013-இல் ஓரியோ என்று பெயர் மாற்றிக்கொண்டு சாப் பாகங்களைத் தொடர்ந்து விற்றது. கார் செய்த ஆலை நின்றது, பாகம் விற்கும் கிடங்கு நிற்கவில்லை. காரணம் எளிது: சாலையில் ஓடும் ஒவ்வொரு சாப் காரும் அந்தக் கிடங்குக்கு வாடிக்கையாளர்.

அம்பாசடரை நாம் கண்ணாரப் பார்த்திருக்கிறோம். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாடா ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸிகள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் சவாரி எடுத்தன. அவை குறைந்துகொண்டே வந்ததற்கு முக்கியக் காரணம், வாடகை வண்டிகளுக்கு அங்கே உள்ள 15 ஆண்டு வரம்பு. பாகம் கிடைக்காமல் ஷெட்டில் நின்றுபோன கதை அல்ல அது. நம் ஊரில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, புகை எவ்வளவு என்றுதான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பார்ப்பார்கள். கம்பெனி இருக்கிறதா என்று கேட்க அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை.

அடுத்தது ரீசேல். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. குறைந்த விலைக்கு வாங்கியவர் குறைந்த விலைக்கு விற்பார். பத்து லட்சத்துக்கு வாங்கிய வண்டி ஐந்து லட்சத்துக்கு விற்றால் போனது ஐந்து லட்சம். ஒன்றரை லட்சத்து வண்டி எழுபதாயிரத்துக்குப் போனால் போனது எண்பதாயிரம். விழ வேண்டிய விலை எல்லாம் முதல் முதலாளியின் கையிலேயே விழுந்து முடிந்துவிட்டது. பழைய கார் வியாபாரிகளிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். உங்கள் ஃபோர்டை வாங்கும்போது "கம்பெனி போயிடுச்சே சார்" என்று விலையை அடிக்கும் அதே புரோக்கர், அதை அடுத்தவருக்கு விற்கும்போது கதவை ஓங்கிச் சாத்திக் காட்டி, "இந்தச் சத்தம் வேற எந்த வண்டியில வரும்?" என்பார். இரண்டு பேச்சில் எது உண்மை என்று அவரே தேர்வு செய்துகொள்ளட்டும். நாம் வண்டியைப் பார்ப்போம்.

பயப்பட நியாயமான இடமும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு வாதாட நான் விரும்பவில்லை. கார் கம்பெனி தன் கையால் செய்வது பாடியை என்று மேலே சொன்னேன். சிக்கல் அங்கேதான் வருகிறது. பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், கதவு, பின்கண்ணாடி: இவை அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும், ஸ்விஃப்ட்டிடம் கடன் வாங்க முடியாது. என் லினியாவின் இடது ஹெட்லைட்டை ஒரு மாநகரப் பேருந்து உரசி உடைத்தபோது, புதியதற்கு வாரக்கணக்கில் அலைந்தேன். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம் ஒன்று இதோ அதோ என்று தேதி சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடை ஒன்றில் கிடைத்தது, கழற்றின மால். கண்ணாடியில் லேசான கீறல், பின்னால் தாங்கும் மூன்று காதுகளில் ஒன்று உடைந்து பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். அதை மாட்டித்தான் ஓட்டுகிறேன். புதுப் பொருளின் பளபளப்பு வேண்டும் என்பவருக்கு இந்த வண்டி ஒத்துவராது. ஆனால் ஹெட்லைட் உடைந்ததால் பயணம் நின்றுவிடவில்லை. கவனிக்க வேண்டியது அதை.

எலக்ட்ரானிக்ஸ் இன்னொரு வலி. இசியூ, ஏபிஎஸ் மாட்யூல், சாவியோடு பேசும் இம்மொபிலைசர். இவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள், சின்ன ஊர்களில் கிடைப்பது கஷ்டம். அதனால் இரண்டு சாவியும் கையில் வராத வண்டிக்கு நான் முன்பணம் கொடுக்கவே மாட்டேன்.

எல்லா மூடிய கம்பெனி வண்டியும் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. செவர்லே பீட் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள்: 936 சிசி, மூன்று சிலிண்டர். மைலேஜுக்குப் பேர் போன வண்டி. ஆனால் அந்த எஞ்சினுக்கு இங்கே உடன்பிறப்பே இல்லை. அதற்கென்று தனியாகத்தான் தேட வேண்டும். அதே செவர்லே கடையில் விற்ற செயில் டீசலில் மல்டிஜெட் இருக்கிறது. பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தும் ஒன்றை ஒதுக்குவேன், மற்றதை வாங்குவேன். ஃபோர்டிலும் அப்படித்தான். ஈகோஸ்போர்ட் மேனுவல் கியர் வண்டி எனக்குச் சம்மதம். ஆரம்ப ஆண்டுகளில் வந்த பவர்ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக்கின் பக்கம் போக மாட்டேன். அந்த வகை கியர்பாக்ஸுக்காக அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோக்கஸ் உரிமையாளர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். ஃபோர்டு இங்கே தொடர்ந்து கார் விற்றிருந்தாலும் அதை நான் வாங்கியிருக்க மாட்டேன்.

இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்பது வீண் வதந்தி. மோட்டார் காப்பீட்டு விதிப்படி புதிய வண்டியின் காப்பீட்டு மதிப்பு ஒரு அட்டவணைப்படி இறங்கும். ஐந்தாம் ஆண்டு முடியும்போது 50 சதவீதம் கழிந்துவிடும். ஐந்தாண்டு தாண்டிய வண்டிகளுக்கும், உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கும், அந்த மதிப்பைக் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். அதாவது உற்பத்தி நின்ற மாடல் என்ற ஒன்று உண்டு என்பதை விதியே எதிர்பார்த்து வழி சொல்லியிருக்கிறது. பத்து வயதான மாருதிக்கும் பத்து வயதான ஃபியட்டுக்கும் அங்கே ஒரே சட்டம். பணம் கட்டாமல் வேலை முடித்துத் தரும் ஒர்க்‌ஷாப்புகளின் பட்டியலில் உங்கள் ஊர் ஷெட் இருக்காது என்பது உண்மை. கட்டிவிட்டுப் பில்லைக் காட்டித் திரும்ப வாங்க வேண்டும்.

பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சந்தையின் ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தது: ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்தும் வாங்கியது பூஜ்யம். இன்றும் கடை திறந்திருக்கும் கம்பெனிகளின் வண்டிகளும் அதில் இருந்தன. பழைய காரில் தேட வேண்டியது ஏர்பேக்கையும் ஏபிஎஸ்ஸையும். பெயரில் பாதுகாப்பு இல்லை.

இனி, என்னை எழுத வைத்த கணக்கு. ஏழு லட்சம் ரூபாய் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, 84 மாதம். மாதத் தவணை ஏறத்தாழ 11,440 ரூபாய். ஏழாண்டு முடிவில் கட்டியிருப்பது சுமார் 9 லட்சத்து 61 ஆயிரம். வட்டி மட்டும் 2 லட்சத்து 61 ஆயிரம். அந்த வட்டிப் பணம் ஒன்றே ஒரு நல்ல லினியாவை வாங்கி, அதற்குப் புது டயரும் புது பேட்டரியும் போட்டு, கிளட்ச் மாற்றி, கைக்கும் மிச்சம் வைக்கும். மாதம் முப்பதாயிரம் சம்பளக்காரர் ஒருவர், ஸ்பேர் கிடைக்காதாம் என்ற பயத்துக்காக ஏழாண்டு தன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதிக்கொடுக்கிறார். நடுவில் வேலை போனால், உடம்புக்கு வந்தால், வண்டியை எடுத்துப்போக ஆள் வருவார்கள். ரொக்கம் கொடுத்து வாங்கிய பழைய வண்டியை வாசலில் இருந்து யாரும் எடுத்துப்போக முடியாது. நலம் விரும்பிகள் அறிவுரை சொல்லும்போது இந்த அபாயத்தை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? ஹெட்லைட்டுக்கு அலைவது தொல்லை. தவணை தவறுவது குடும்பத்தையே ஆட்டிவிடும்.

வாங்க நினைப்பவர் கம்பெனி பெயரை விட்டுவிட்டு மெக்கானிக்கிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் ஊர் ஷெட்டில் போய், இந்த எஞ்சினை இறக்கி வேலை செய்திருக்கிறீர்களா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும். செய்திருக்கிறேன் என்றால் அவரையே கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கப் போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்காமல், காலையில் குளிர்ந்த எஞ்சினை உங்கள் எதிரில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் சில நொடிகளில் செயின் கரகரவென்று சத்தம் போடுகிறதா என்று கேளுங்கள். ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று மேலே வந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, எஞ்சினுக்குப் பெரிய வேலை காத்திருக்கிறது. ஹெட்லைட், டெயில்லைட் நான்கையும் இரண்டு பம்பரையும் தொட்டு ஆட்டிப் பாருங்கள், கிளிப்பும் காதும் முழுசாக இருக்கின்றனவா என்று. ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையில் இரண்டு லட்சம் இருந்தால் ஒன்றரைக்குள் வண்டியை முடியுங்கள். மீதி ஐம்பதாயிரத்தைத் தொடாமல் வைத்திருந்து, முதல் மாதமே அதே மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு, டைமிங் செயின், கூலன்ட் குழாய்கள், சஸ்பென்ஷன் புஷ், பிரேக் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.